லேக் மார்க்கெட்டுக்கு இரண்டு ஈஸ்டர்

2025 ஏப்ரலில் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்துக்கு எட்டே நாளில் நான்கு விசேஷங்கள் வந்தன. 13ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. அதற்கு அடுத்த நாள் வங்காளிகளின் புத்தாண்டான பொய்லா பைஷாக். 20ஆம் தேதி ஈஸ்டர். அந்த ஆண்டு ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. உலகத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் ஈஸ்டர் ஒரே தேதியில் அமைந்தது. வழக்கமாக அப்படி அமைவதில்லை. அமையாத ஆண்டுகளில் லேக் மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஈஸ்டர் இரண்டு முறை வரும்.

லேக் மார்க்கெட் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது மல்லிகைப்பூ, கறிவேப்பிலை, வாழையிலை, ஃபில்டர் காப்பி. கம்பெனி அலுவலகங்களில் கணக்கெழுதவும் ஸ்டெனோ வேலைக்கும் தெற்கிலிருந்து ரயிலேறிய குடும்பங்கள் வேர்விட்ட இடம் அது. அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்து, காளிகாட் டிராம் டிப்போவை ஒட்டிய லைப்ரரி ரோட்டுக்குப் போனால், கிரேக்கப் புராணப் படத்திலிருந்து பெயர்த்து வைத்ததுபோல் பருத்த தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கும். அது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். காளி கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப்பேர் அதை ஏதோ பழைய நூலகம் என்று நினைத்துக் கடந்துபோனால் ஆச்சரியமில்லை.

சணல் வியாபாரத்துக்கு வந்த கிரேக்கர்கள் 1924இல் அடிக்கல் நாட்டி 1925இல் கட்டி முடித்த ஆலயம் இது. ராலி பிரதர்ஸ் போன்ற கிரேக்க நிறுவனங்கள் கல்கத்தாவில் கொடிகட்டிப் பறந்த காலம் போய், அந்தச் சமூகமும் கரைந்து, ஆலயம் வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. 1990களில்தான் மறுபடி உயிர் வந்தது. இன்று அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். வழிபாடும் வங்காளத்தில் ஒலிக்கிறது.

தேதி ஏன் இரண்டு? கணக்கின் வேர் கி.பி. 325இல் நடந்த நிசேயா சங்கத்தில் இருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொண்டு, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய தமிழருக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பாடு தேவையில்லை. பங்குனிப் பௌர்ணமியும் ஈஸ்டரும் பல ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் வருவது இதனால்தான். 2024இல் பங்குனி உத்திரம் மார்ச் 25, திங்கள். அந்த வாரக் கடைசியில், 31ஆம் தேதி, ஈஸ்டர். சிக்கல் என்னவென்றால், ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்கு இன்னமும் பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருக்கின்றன. அது நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியது. அதனால் ஒரு பௌர்ணமி அவர்கள் கணக்கில் மார்ச் 21க்கு முன்பே வந்துவிட்டால், அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே 2024இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டுகளும் ஈஸ்டரை முடித்து ஐந்து வாரம் கழித்து, மே 5 அன்றுதான் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர். 2025க்குப் பிறகு இரண்டும் அடுத்து ஒன்றுசேர்வது 2028 ஏப்ரல் 16.

தேதி வேறானாலும் இரவு ஒன்றுதான். ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் சனி நள்ளிரவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். பீடத்துக்குப் பின்னாலிருந்து குரு ஒற்றை மெழுகுதிரியோடு வருவார். அந்தச் சுடரிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று கோவில் முழுக்க வெளிச்சம் பரவும். கிறிஸ்து உயிர்த்தார் என்று ஒருவர் சொல்ல, மெய்யாகவே உயிர்த்தார் என்று மற்றவர் பதில் சொல்வார். சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளை ஒன்றோடொன்று மோதி உடைப்பார்கள். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆயர் ஜான் கிறிசோஸ்தம் பெயரில் வழங்கும் ஒரு சிறு பிரசங்கத்தை ஆண்டுதோறும் வாசிப்பார்கள். அதன் சாரம் இது: நோன்பைத் தொடக்கத்திலிருந்து பிடித்தவரும் வரலாம், கடைசி மணியில் ஓடிவந்தவரும் வரலாம், நோன்பே இருக்காதவரும் வரலாம், விருந்து எல்லோருக்கும் ஒன்றே. நோன்பை ஒழுங்காக முடித்தவர்கள் இதைக் கேட்டு முணுமுணுக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

கத்தோலிக்கர் இதே இரவைப் பாஸ்கா திருவிழிப்பு என்பார்கள். கோவிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி, அந்த ஆண்டின் எண் பொறித்த பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருட்டில் பவனியாக உள்ளே கொண்டுவருவார்கள். உலகம் படைக்கப்பட்டது, செங்கடலைக் கடந்தது என்று பழைய ஏற்பாட்டு வாசகங்கள் நீளும். பிறகு மணிகள் முழங்க, தவக்காலம் முழுவதும் வாயைத் திறந்து பாடாமல் வைத்திருந்த அல்லேலூயா திரும்பி வரும். இத்தனை அழகான இரவு வழிபாடு, பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலை வெயிலில் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் விசித்திரம். பட்டப்பகலில் இருளைப் பாடிக்கொண்டிருந்த அந்த வழக்கத்தை மாற்றி, 1951இல் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தவர் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர். வேளாங்கண்ணியில் இன்று வாணவேடிக்கைக்கு நடுவே உயிர்த்த இயேசுவின் சொரூபம் எழுந்து வரும்போது ஆர்ப்பரிக்கும் கூட்டத்தில், தாத்தா காலத்தில் இது காலை வேளைச் சடங்காக இருந்தது என்று அறிந்தவர் சிலரே.

தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களுக்கும் லுத்தரன்களுக்கும் நள்ளிரவைவிட அதிகாலைதான் முக்கியம். விடியுமுன் ஆராதனை, பாமாலை, கீர்த்தனை. பெண்கள் கல்லறைக்குப் போன நேரம் அது என்று சுவிசேஷம் சொல்வதே காரணம். கல்லறைத் தோட்டத்தில் நின்று சூரியனை எதிர்கொள்ளும் ஈஸ்டர் ஆராதனைக்குப் புகழ்பெற்ற தொடக்கம், ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊரில் மொரேவியச் சபை இளைஞர்கள் 1732இல் நடத்தியது. அந்த மொரேவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள்.

தமிழ்நாட்டுக்கும் கல்கத்தா ஆராதனைக்கும் இதைவிட நேரடியான முடிச்சு ஒன்று உண்டு. கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்த ஸ்வீடன் நாட்டு மிஷனரி ஜான் சக்கரியா கீர்னாண்டர், 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் கையில் ஒன்றுமில்லாமல் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே 1770இல் தன் கைப்பணத்தைப் போட்டு ஒரு ஆலயம் கட்டினார். லால் கிர்ஜா என்று ஊர் அழைத்த அந்தப் பழைய மிஷன் சர்ச், லால் திகி குளத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. கடைசியில் கீர்னாண்டர் கடனில் மூழ்கி, 1787இல் ஆலயமே ஏலத்துக்கு வந்தது. சார்லஸ் கிராண்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கொடுத்து மீட்டார்.

நகரத்துக்குப் பொதுவான ஈஸ்டர் நாக்கில் இருக்கிறது. நியூ மார்க்கெட்டில் இருக்கும் நாஹூம்ஸ் என்ற பேக்கரி, ஒரு யூதக் குடும்பம் 1902இல் தொடங்கிய கடை. பெரிய வெள்ளிக்கு, மேலே சிலுவைக் கீறல் போட்ட ஹாட் கிராஸ் பன் வாங்க அங்கே வரிசை நிற்கும். பார்க் ஸ்ட்ரீட்டின் ஃப்ளூரிஸ் கேக் கடையில் ஈஸ்டர் முட்டைகள். யூதர் கடையில் சுட்டதை இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் வாங்கித் தின்கிறார்கள். கல்கத்தாவுக்கு இதெல்லாம் சேதியே அல்ல.

பன்னும் முட்டையும் திங்கட்கிழமையோடு கடையிலிருந்து மறைந்துவிடும். இங்கேதான் ஒரு குறை. திருச்சபை நாட்காட்டிப்படி ஈஸ்டர் ஒரு நாள் அல்ல, ஐம்பது நாள். நோன்புக்கு நாற்பது, மகிழ்ச்சிக்கு அதைவிடப் பத்து அதிகம். நாற்பதாம் நாள் ஆண்டவர் விண்ணேற்றம், ஐம்பதாம் நாள் பெந்தேகோஸ்தே. தேதிக்காக நாம் நினைவுகூரும் அதே நிசேயா சங்கம், இந்த ஐம்பது நாளும் முழங்காலில் நிற்காமல் எழுந்து நின்று ஜெபிக்க வேண்டும் என்றும் விதித்தது. கத்தோலிக்கக் கோவில்களில் பாஸ்கா மெழுகுதிரி அத்தனை நாளும் பீடத்தருகே எரியும். காலம் முடிந்ததும் திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் போய், ஞானஸ்நானத்துக்கும் அடக்கச் சடங்குக்கும் மட்டும் ஏற்றப்படும்.

ஆனால் நடைமுறையில் நமக்குத் துக்கம் கைவந்த அளவு மகிழ்ச்சி கைவரவில்லை. தவக்காலத்துக்குப் புலால் மறுப்பு, காவி உடை, வேளாங்கண்ணிப் பாதயாத்திரை, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை என்று உடம்புக்கு வேலை இருக்கிறது. பெரிய வெள்ளிக்கு அரசு விடுமுறையும் உண்டு. ஈஸ்டர் ஞாயிறு பிரியாணியோடு சரி. மறு ஞாயிறு இருக்கைகள் காலி. அழுவதற்கு நாற்பது நாள் பயிற்சி எடுத்துவிட்டு, சிரிப்பை ஒரே மதியத்தில் முடித்துக்கொள்வது விந்தையான பக்திதான்.

உயிர்ப்பின் மகிழ்ச்சி வாணவேடிக்கை அளவே என்றால் அது ஒரு மதியத்தில் தீர்வதும் நியாயம். வழிபாடு சொல்வது வேறு. உயிர்த்தவரின் கைகளில் ஆணித் தழும்பு மறையவில்லை என்றுதான் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கிறார்கள். காளிகாட்டில், அதே கிரேக்கக் கோவிலிலிருந்து சிறிது தூரத்தில், அன்னை தெரசா 1952இல் திறந்த நிர்மல் ஹிருதய் இருக்கிறது. தெருவில் சாகக் கிடந்தவர்களுக்கான இடம். அங்கே வேலை செய்யும் சகோதரிகள் ஈஸ்டர் காலையிலும் நோயாளிகளைக் குளிப்பாட்டத்தான் வேண்டும்.

தழும்பு ஈஸ்டர் அன்றே விழுந்ததும் உண்டு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மதம் பாராமல் தமிழரும் சிங்களவரும் நேர்ந்துகொள்ளப் போகும் அந்தோனியார் கோவில் அந்த ஆண்டின் ஐம்பது நாள் முடியும்வரை முழுதாகத் திறக்கவில்லை. பெந்தேகோஸ்தே ஜூன் 9இல் வந்து போயிற்று. சுவரையும் கூரையும் கடற்படையினர் செப்பனிட்டு முடிக்க, ஜூன் 12 அன்று, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், கதவு முழுதாகத் திறந்தது.