நாட்டுக்கோழி மாசம் 8,000 ரூபாய் தருமா?

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் எங்க அம்மா. போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாங்க. வந்த பணத்துல 3 லட்சத்தை எதுல போடலாம்னு யோசிச்சிட்டு இருந்தப்ப, முகப்பேர்ல எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு மெசேஜ் வந்தது. இயற்கைப் பண்ணையில 1 லட்சம் போட்டா மாசம் 8,000 ரூபாயாம். "பணமும் வரும், விவசாயிக்கும் நல்லதுடா"ன்னாங்க அம்மா.

நான் ஒரு கணக்குதான் போட்டேன். மாசம் 8,000-ன்னா வருஷத்துக்கு 96,000. போட்ட பணம் கிட்டத்தட்ட ஒரே வருஷத்துல திரும்பி வரணும். அவ்வளவு லாபம் வர்ற பண்ணைன்னா அவர் பேங்க்லயே கடன் வாங்கியிருப்பாரே? நம்மள ஏன் தேடி வர்றார்?

இந்தக் கதையைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கு. ஈரோடு பக்கம் பெருந்துறையில ஈமு பண்ணைகள் ஞாபகம் இருக்கா? குஞ்சு தர்றோம், தீவனம் தர்றோம், மாசாமாசம் பணமும் தர்றோம்னாங்க. ஈமு கறிக்குப் பெரிய சந்தையே இல்லை. புதுசா பணம் போட்டவங்க காசுதான் பழைய ஆட்களுக்குப் போச்சு. 2012-ல எல்லாம் சரிஞ்சது. அதுக்கு முன்னாடி 90-கள்ல தேக்குத் தோட்டத் திட்டங்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1999-ல கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி விதிகள் கொண்டு வந்தது. பலர்கிட்ட பணம் திரட்டி, நிர்வாகத்தை வேற ஒருத்தர் பார்த்து, லாபம் தர்றேன்னு சொன்னா செபி பதிவு வேணும். முதல்ல அதைக் கேளுங்க.

சரி, நேர்மையான இயற்கை விவசாயிக்குப் பணம் எப்போ தேவைப்படுது? மாறும் காலத்துலதான். ரசாயன உரத்தை நிறுத்தின முதல் 2, 3 வருஷம் பெரும்பாலும் விளைச்சல் குறையும். ஆனா "ஆர்கானிக்" முத்திரை இன்னும் கிடைச்சிருக்காது, அதனால அந்த விலையும் கிடைக்காது. பல பேர் இந்த இடத்துலதான் பழையபடி யூரியாவுக்குத் திரும்பிடறாங்க.

பி.ஜி.எஸ்.-இந்தியான்னு ஒரு அரசு சான்று முறை இருக்கு. விவசாயிகள் குழுவா சேர்ந்து, ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் போய்ப் பார்த்துச் சான்று தர்றாங்க. மாறிட்டு இருக்கிற நிலத்துக்கு "கிரீன்", முழுசா மாறினதுக்கு "ஆர்கானிக்". நம்ம கண்ணு ஆர்கானிக் லேபிள் மேலயே இருக்கும். உண்மையில நம்ம காசு அதிகம் தேவைப்படறது அந்த கிரீன் விவசாயிக்கு.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துல பங்கு வாங்கலாமான்னு கேட்பீங்க. முடியாது, அங்கே உற்பத்தி செய்றவங்க மட்டும்தான் உறுப்பினர். நமக்கு இருக்கிற வழி முன்பணம். ஜப்பான்ல 1970-கள்லயே நகரத்துக் குடும்பங்கள் விவசாயிகளோட நேரடியா இப்படி ஒப்பந்தம் போட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. அவ்வளவு தூரம் போக முடியலையா, அம்பத்தூர் உழவர் சந்தைக்குப் போங்க. நடுவுல கமிஷன் கிடையாது, காசு விளைவிச்சவர் கைக்கே போகும். ஆனா உழவர் சந்தைன்னாலே இயற்கை விளைச்சல்னு நினைச்சுக்காதீங்க. எப்படி விளைவிச்சீங்கன்னு அவர்கிட்டயே கேளுங்க.

கடைசியில அம்மா 3 லட்சத்தையும் பேங்க் டெபாசிட்ல போட்டுட்டாங்க. அது தவிர, எங்க பிளாக்ல 5 குடும்பம் சேர்ந்து, திருவள்ளூர் பக்கம் மாறிட்டு இருக்கிற ஒரு விவசாயிக்கு மாசம் ஆளுக்கு 1,000 ரூபாய் முன்கூட்டியே தர்றோம். போன மழையில ரெண்டு வாரம் கீரையே வரலை. அம்மா அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலை. "மழைக்கு அவர் என்ன பண்ணுவார்?"னு மட்டும் சொன்னாங்க.

உங்க குரூப்புக்கும் இப்படி மெசேஜ் வந்ததா? எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.