எக்ஸ்ரே பட்டதும் கடிகாரமாகும் பகுதி மின்கடத்தி

கைப்பேசிச் சில்லில் உள்ள சிலிக்கான்மீது எக்ஸ்ரே பட்டால் என்ன ஆகும்? மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரேயை நான் சொல்லவில்லை. சில பத்து ஃபெம்டோ விநாடிகளே நீடிக்கும் எக்ஸ்ரே துடிப்பைச் சொல்கிறேன்.

ஒரு விநாடியை ஒரு பில்லியன் கூறுகளாக்கி, அதில் ஒன்றை மீண்டும் ஒரு மில்லியன் கூறுகளாக்கினால் கிடைப்பது 1 ஃபெம்டோ விநாடி. விநாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் பாயும் ஒளிகூட அதற்குள் 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். அது தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இத்தகைய துடிப்புகளை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள எல்சிஎல்எஸ் 2009 முதல் உருவாக்கி வருகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் நிலையம் 2017ல் செயல்படத் தொடங்கியது.

முதலில் எலக்ட்ரான்கள், பிறகு அணுக்கள்

சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கச் சராசரியாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும். ஓர் எக்ஸ்ரே ஃபோட்டானின் ஆற்றலோ 10,000 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கலாம். அது முதலில் ஓர் எலக்ட்ரானை வேகமாக வெளியே தள்ளுகிறது. அந்த எலக்ட்ரான் மற்றவற்றை மோதி விடுவிக்க, அவை மேலும் பலவற்றை விடுவிக்கின்றன. இப்படி ஒரே ஃபோட்டானால் ஏறக்குறைய 2,700 எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன.

இவ்வளவும் நடக்கும்போது, எடைமிக்க அணுக்கள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எலக்ட்ரான்களின் ஆற்றல் அணுக்களைச் சென்றடைந்து பொருள் சூடாக, ஆயிரம் ஃபெம்டோ விநாடி அளவில் ஆகிறது.

நேரம் தவறினால்?

ஒரு வேதிவினையை லேசரால் தொடக்கி, அடுத்த கணம் எக்ஸ்ரேயால் படம் பிடிப்பது இத்துறையின் வழக்கமான உத்தி. ஆனால் இரண்டும் வெவ்வேறு கருவிகளிலிருந்து வருவதால், எக்ஸ்ரே ஒவ்வொரு முறையும் 100 ஃபெம்டோ விநாடிக்கும் மேல் முந்தலாம் அல்லது பிந்தலாம். ஒரு பிணைப்பு முறியவே அவ்வளவு நேரம்தான் ஆகும். எந்தப் படம் முதலாவது, எது அடுத்தது என்று தெரியாவிட்டால் சோதனையே வீண்.

இங்கேதான் பகுதி மின்கடத்தி கைகொடுக்கிறது. எக்ஸ்ரே பட்டவுடன் எலக்ட்ரான்கள் விடுபடுவதால், அதன் மேற்பரப்பு ஒளியைப் பிரதிபலிக்கும் அளவு சட்டென மாறுகிறது. எக்ஸ்ரேயும் லேசரும் வெவ்வேறு கோணங்களில் விழும்படி அமைத்தால், மேற்பரப்பின் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு நேரத்தைக் குறிக்கும். பிரதிபலிப்பு மாறிய பகுதிக்கும் மாறாத பகுதிக்கும் இடையே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால், எக்ஸ்ரே வந்த நேரம் தெரிந்துவிடும்.

ஹாம்பர்க்கின் ஃபிளாஷ் ஆய்வுக்கூடத்தில் கேலியம் ஆர்சனைடைக் கொண்டு இதைச் செய்த ஆய்வு 2008ல் வெளிவந்தது. பின்னர் இம்முறை மேம்பட்டு, துல்லியம் 10 ஃபெம்டோ விநாடி அளவை எட்டியுள்ளது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. இந்தக் கடிகாரத்திற்கு எக்ஸ்ரேயைவிட வேகமான மின்னணுச் சாதனம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பொருள் எப்படி எதிர்வினையாற்றும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்ததே போதுமானதாக இருந்தது. சில்லுத் துறையில் கால்வைக்க விரும்பும் மாணவர்கள், இயற்பியலின் அடிப்படைகளை விடாமல் பற்றிக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?