கட்டி கரைகிறதா, பாருங்கள்

டீ குடித்துக்கொண்டே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வயலின் நடுவிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு மண்கட்டி எடுங்கள். அதே வயலின் வரப்போரம், ஏர் படாமல் புல் மண்டிய இடத்திலிருந்து இன்னொன்று. இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். பெரும்பாலும் வயல் கட்டி ஓரிரு நிமிடத்தில் பொலபொலவென்று உதிரும், தண்ணீர் கலங்கிவிடும். வரப்போரத்துக் கட்டியோ குமிழி விட்டபடி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மண் இரண்டும் ஒரே மண்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? புல்லின் வேர் ஓயாமல் சர்க்கரையைக் கசியவிடுகிறது. அதைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுகின்றன. அவை சுரக்கும் பிசினும் பூஞ்சை இழைகளும்தான் மண் துகள்களைச் சேர்த்துக் கட்டுகின்றன. அப்படிக் கட்டிய மண்ணில் இடைவெளி இருக்கும். மழை உள்ளே இறங்கும், வேருக்குக் காற்றுக் கிடைக்கும். கரைகிற மண்ணிலோ நுண்துகள்கள் துவாரங்களை அடைத்து மேலே ஓடு கட்டிவிடும். பெய்த மழை வாய்க்காலுக்கு ஓடும், மூன்றாம் நாள் பயிர் வாடும்.

ஆக, மண்ணில் வாழும் உயிர்களுக்குத் தீனி வேண்டும். அந்தத் தீனிதான் கரிமம். நம் ஊர் வெயிலில் அது வேகமாக மக்கிக் காற்றோடு போய்விடும். ஒரு தடவை போட்டுவிட்டு உட்கார முடியாது. அடிக்கடி உழுவதும், வைக்கோலையும் சருகையும் கொளுத்துவதும், அறுவடைக்குப் பின் தரையை வெறுமனே வெயிலில் காயவிடுவதும் இருக்கிறதையும் தீர்த்துவிடும்.

ரசாயன உரமே விஷம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, பயிருக்கு அது தேவையும்கூட. ஆனால் யூரியா மண்ணைக் கட்டாது. போட்ட சில நாளில் பயிர் பச்சை கட்டுவதால் கை தாராளமாகிவிடுகிறது. தழைச்சத்து மிஞ்சிய நெல்லுக்குப் புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் தேடி வருகின்றன. கரிமம் இல்லாத மண்ணில் போட்ட உரத்தில் ஒரு பகுதி வீணாகப் போகிறது. பணம் போகிறது என்றே படியுங்கள்.

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது பழைய கணக்கு. மாடில்லாத வீட்டில் அதற்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்து இதற்கு மலிவான வழி தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதையைக் கோடை மழையில் தெளித்து, 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் போதும். களர் நிலத்திலும் இது வரும். உழுவதற்கு முன் ஒரு செடியைப் பக்குவமாகத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகுபோல முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அங்கே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் இதே பாடம்தான். தொட்டிக்குள் இடம் சின்னது என்பதால் மண் இன்னும் சீக்கிரம் இறுகும். செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டுக் கலக்க வேண்டும். பச்சைச் சாணத்தையும் மரத்தூளையும் மக்கவைக்காமல் தொட்டியில் போடாதீர்கள். சாணம் சூடேறி வேரைக் கெடுக்கும். மரத்தூளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். டீச் சக்கையையும் பாலும் சர்க்கரையும் போக அலசி, சருகோடு சேர்த்து மக்கவைத்த பிறகே போடுங்கள். ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் தொட்டி மண் இறங்கியிருக்கும். அந்த அளவுக்கு மக்கிய உரம் சேர்த்தால் போதும், மண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை.

நிலம் வைத்திருப்பவர்கள் அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனைக்கு எடுத்துவிடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். மேற்சருகை ஒதுக்கி, அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்ததைக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். உரச் சாக்கில் மட்டும் அள்ளாதீர்கள், முடிவே மாறிப்போகும். பரிசோதனை முடிவோடு மண்வள அட்டை வந்ததும் முதலில் அங்ககக் கரிமம் என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால், யூரியா மூட்டைக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைக்குச் சொல்லிவையுங்கள்.