கல்லறைத் தோட்டத்தில் ஒரு நாள்

சென்னை மாநகரைக் காண வருவோர் கடற்கரையைக் காண்கின்றனர்; காட்சிச்சாலையைக் காண்கின்றனர்; கடைத்தெருவையும் மறவாது காண்கின்றனர். இடுகாட்டைக் காணவேண்டுமென்று எண்ணுவோர் மிகச் சிலரே. "இறந்தோர் உறங்கும் இடத்தில் இருப்போர்க்கு என்ன வேலை?" என்று கேட்பாரும் உண்டு. ஆயினும், ஒரு நகரம் தன் மாந்தரை எவ்வாறு நினைவிற் கொண்டது, எவ்வாறு மறந்தது என்பதைக் கல்லறைக் கற்களைப்போலத் தெளிவாகக் கூறுவன அரிது. ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களில் வாழும் நேயர்கள் ஒரு நாட்பொழுதை ஒதுக்கினால், அக்கதையைத் தம் கண்களாலேயே படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்.

காலையில் ஆவடியில் இரயிலேறிச் சென்னைக்குச் சென்று, முதலில் புனித ஜார்ஜ் கோட்டையை அடைதல் வேண்டும். அரசின் தலைமைச் செயலகம் அங்கிருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. உள்ளே புனித மேரி ஆலயம் நிற்கின்றது. ஆங்கிலேயர் இந்நகரிற் கட்டிய இவ்வாலயம் 1680 அக்டோபர் 28-ஆம் நாள் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. ஆலயத்தைச் சுற்றியுள்ள தரையைக் கூர்ந்து நோக்குங்கள். காலடியில் கிடப்பவை வெறும் பாவுகற்கள் அல்ல; எழுத்தும் குலச் சின்னமும் பொறித்த கல்லறைக் கற்கள்.

அவற்றுள் ஒன்று எலிசபெத் பேக்கர் என்னும் மாதரசியினுடையது. கோட்டையின் தலைவராக வந்த ஆரன் பேக்கரின் மனைவியாகிய அவர், கணவருடன் கப்பலில் வரும் வழியிலேயே உயிர்நீத்தார். அக்கல் காட்டும் ஆண்டு 1652. இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. ஆலயம் எழுந்ததோ 1680-இல். கல்லோ அதற்கு இருபத்தெட்டு ஆண்டு மூத்தது. ஆலயம் பிறக்குமுன் அதன் முற்றத்தில் கல் எவ்வாறு வந்தது?

விடை போரில் இருக்கின்றது. அந்நாளில் ஆங்கிலேயரின் இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். உயர்ந்து நின்ற கல்லறைகள் அவருடைய வீரர்களுக்கு நல்ல மறைவிடங்களாக உதவின. 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது. மீண்டும் ஒரு பகைவர்க்கு அத்தகைய வாய்ப்பு நேராதவாறு, கோட்டையார் அவ்விடுகாட்டைத் தரைமட்டமாக்கினர். எழுத்துள்ள கற்கள் ஆலய முற்றத்திற்கு வந்தன. உடல்கள் பழைய மண்ணிலேயே தங்கிவிட்டன. அதன் பின்னும் கற்களுக்கு ஓய்வில்லை. ஐதர் அலியோடு போர் நிகழ்ந்த 1782-இல், பீரங்கிகளை நிறுத்துவதற்காக அவற்றைப் பெயர்த்தெடுத்தனர்.

பழைய இடத்தில் இடிபடாது தப்பியவற்றுள் ஒன்று கூர்ங்கோபுர வடிவான கல்லறை. சென்னையில் ஆளுநராக இருந்தவரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற்குத் தம் பெயர் வாய்க்கப் பெற்றவருமாகிய எலிகு யேலின் இளமகன் டேவிட் அங்கே அடக்கம் செய்யப்பட்டான். அதனை அவ்விடத்தினின்று நீக்குவதா, நிறுத்துவதா என்னும் கேள்வி 2023-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தில் வழக்காகவே வந்தது. முற்றுகையில் தப்பிய கல்லுக்கும் இடநெருக்கடி இடையூறாக வந்தது.

நண்பகலுக்குப் பின் கோட்டை நிலையத்தில் தாம்பரம் இரயிலேறிப் பரங்கிமலையில் இறங்குங்கள். அங்கிருந்து பூவிருந்தவல்லி செல்லும் சாலையில் நந்தம்பாக்கத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் உள்ளது. இதன் கதை கோட்டையின் கதைக்கு நேர்மாறானது. இரண்டாம் உலகப் போரின்போது மாண்டவர்கள் தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் பற்பல ஊர்களில் சிதறிக் கிடந்தனர். அவ்விடங்களில் கல்லறைகளை என்றென்றும் காப்பதற்கு உறுதியில்லை. ஆகவே அவர்களை ஓரிடத்திற் சேர்க்க 1952-இல் இத்தோட்டம் அமைந்தது. இங்கு 856 போர்வீரர் துயில்கின்றனர். கோட்டையில் உடலை விட்டுக் கல் பெயர்ந்தது. இங்கோ காக்கும் கரங்களை நாடி உடலே பெயர்ந்து வந்தது.

தோட்டத்தின் பின்புறத்தில் மற்றொரு சின்னம் உண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் இறந்து, இந்தியாவின் பல ஊர் இடுகாடுகளில் அடக்கமான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதிற் காணப்படுகின்றன. அவர்கள் கல்லறைகளைக் காக்க இயலாமையால், பெயரை மட்டும் கொணர்ந்து வைத்தனர்.

இத்தோட்டத்தைக் காக்கும் ஆணையம் 1917-இல் தோன்றியது. படைத்தலைவனுக்கும் கடைவீரனுக்கும் வேற்றுமையின்றி ஒரே வகையான கல் என்பது அதன் கொள்கை. உயர்ந்த கொள்கையே, ஆனால் அது எல்லோர்க்கும் எட்டவில்லை. முதல் உலகப் போரில் இறந்தோருள் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும், இந்தியர் உள்ளிட்ட பல்லாயிரவர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும் 2021-இல் வெளியான அவ்வாணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு உடல் கிடந்த இடமும் தெரியாது, கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதிற் பெயரும் பீடும் எழுதுதல் பழந்தமிழர் மரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதனை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுக்கின்றது. நட்டதோடு கடமை முடிந்ததென்று நம் முன்னோர் கருதவில்லை. நட்ட கல்லைப் பேணிப் படையலிட்டு வந்தனர். பேணும் கை ஓய்ந்தவிடத்து, நடுகல்லும் வழியோரக் கல்லாய்ச் சாய்ந்தது.

ஆகவே, கல் நிலையானது என்று நாம் நம்புவது முழு உண்மையன்று. கல்லை நிலைக்கச் செய்வது உயிரோடிருப்பவர் கொள்ளும் அக்கறையே. கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வோர் ஒரு கல்லையேனும் முழுதும் படித்து, அப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி வாருங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ எழுத்துள்ள கல் ஏதும் சாய்ந்து கிடக்கின்றதா என்று பாருங்கள். கிடந்தால், அதனை அகற்றாமலும் சிதைக்காமலும் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அதிலும் ஒருவர் பெயர் இருக்கக்கூடும்.