யசோதையான பெரியாழ்வாரும் ஒரு கிறிஸ்துமஸ் படமும்

2023 நவம்பர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது 'ஃபேமிலி ஸ்விட்ச்'. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் அம்மாவின் உயிர் மகள் உடலுக்கும் அப்பாவின் உயிர் மகன் உடலுக்கும் மாறிவிடுகிற கதை. ஜெனிஃபர் கார்னரும் எட் ஹெல்ம்ஸும் பெற்றோராக நடிக்க, மெக்ஜி இயக்கியிருந்தார். வீட்டுக் கைக்குழந்தையும் நாயும்கூட இடம் மாறிக்கொள்கின்றன. மகளின் கால்பந்து ஆட்டம், மகனின் யேல் பல்கலைக்கழக நேர்காணல், அம்மாவின் பதவி உயர்வு, அப்பாவின் இசைக்குழு நிகழ்ச்சி என எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர, ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யப்போய்த் திண்டாடுகிறார்கள். பண்டிகைக்குப் பார்த்துச் சிரித்துவிட்டு மறக்கிற படம்தானே என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இந்த வகைக் கதைக்குள் குடும்பத்தைப் பற்றிய ஓர் ஆழமான எண்ணம் இருக்கிறது: அடுத்தவரின் அன்றாட வேலையைச் செய்து பார்க்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த எண்ணத்தை மந்திரம் எதுவும் இல்லாமல் செய்துகாட்டிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழில் இப்படியொரு படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

கூடுவிட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதிதல்ல. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயரம் பொறாமல் அவன் உடலில் புகுந்த யோகியே திருமூலர் என்கிறது பெரியபுராணம். இதைச் சிரிப்பாக்கவும் நம் மண் தயங்கவில்லை. காஞ்சிக்கு அருகே மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் 'பகவதஜ்ஜுகம்' என்ற சமஸ்கிருத நாடகத்தின் பெயர் இருக்கிறது. அதை எழுதியவர் மகேந்திரவர்ம பல்லவன் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இறந்துபோன கணிகையின் உடலில் ஒரு துறவி புகுந்துகொள்கிறார். ஆள் மாறிப்போய் அவள் உயிரைப் பறித்திருந்த எமதூதன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, வேறு வழியின்றித் துறவியின் உடலில் சேர்த்துவிடுகிறான். கணிகை தத்துவம் பேச, துறவி காதல் பேச, அரங்கம் கலகலக்கிறது. இங்கிலாந்தில் 1882இல் தந்தையும் மகனும் இடம் மாறும் நாவலை ஆன்ஸ்டி எழுதினார். அமெரிக்காவில் 1972இல் தாயையும் மகளையும் மாற்றி 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' எழுதினார் மேரி ராட்ஜர்ஸ். இந்தக் கதையை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை இவர்களுக்கு உண்டு. ஆனால் வீட்டுக்குள் இடம் மாறும் வித்தையை அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாட்டில் செய்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்து வடபத்ரசாயிப் பெருமாளுக்கு மாலை கட்டிய பெரியாழ்வார், கண்ணனைப் பாடும்போது யசோதையாகிவிடுகிறார். குழந்தையின் பாதம் முதல் தலைமுடி வரை காட்டி மகிழ்கிறார், தாலாட்டுகிறார், நிலவைக் கூப்பிடுகிறார், காது குத்த வரச் சொல்லிக் கெஞ்சுகிறார். நீராட அழைக்கும் பாசுரங்களைப் பாருங்கள். பிள்ளை உடம்பெல்லாம் வெண்ணெய் வாடை. எண்ணெயும், அதைத் தேய்த்துப் போக்கப் புளிப்பழமும் எடுத்துவைத்துக்கொண்டு, விளையாட்டை விட்டு வராத பிள்ளைக்காக அம்மா நெடுநேரம் காத்திருக்கிறாள். அந்தப் புளிப்பழம்தான் முக்கியம். குழந்தையைத் தூர நின்று ரசிப்பவருக்கு அது தோன்றாது. குளிப்பாட்டுகிற கைக்குத்தான் தெரியும். தாய்மையைப் புகழ்ந்து பாடுவது சுலபம். தாயின் வேலையை வரிசைப்படி தெரிந்துவைத்துப் பாட, அந்த வேலைக்குள் மனம் இறங்கியிருக்க வேண்டும். இதே மரபை, பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் இந்த ஊர்க் கோயிலின் அரையர் சேவையும் காத்துவருகிறது. அதில் முத்துக்குறி என்னும் நிகழ்ச்சியில் ஒரே அரையர் தாயாகவும், காதல் நோயுற்ற மகளாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறுகிறார். உடையும் குல்லாயும் அப்படியே இருக்க, பேச்சும் அபிநயமும் மட்டும் மாறும். பார்ப்பவர்களுக்கு மூவரும் தெரிவார்கள்.

பக்தியை வேடிக்கைப் படத்தோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்திக்குச் சிரிப்பு ஆகாது என்று பெரியாழ்வாரே நினைக்கவில்லை. வெண்ணெயை விழுங்கிவிட்டு, காலிக் கலத்தைக் கல்லில் போட்டு உடைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு மகிழ்கிற பிள்ளையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரி யசோதையிடம் முறையிடுவதையும் அவர்தான் பாடினார். இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. ஆண் ஒருவர் தாயாகப் பேசினாலும் அது ஆணின் கற்பனைதானே? படம் முடிந்ததும் அவரவர் உடலுக்குத் திரும்பி, அம்மா அதே அடுக்களைக்குப் போய்விடுவாளே? நியாயமான கேள்வி. அதற்கான பதிலும் அதே வீட்டில் இருக்கிறது. மாலவனை நாடிப் போய்விட்ட மகளை நினைத்து ஏங்கும் தாயாகவும் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். ஆனால் மகள் மனத்தை அவர் மட்டுமே சொல்லும்படி விடாமல், நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் அவர் வளர்த்த மகள் ஆண்டாள் தன் ஆசையைத் தானே பேசினாள். அடுத்தவராகி உணர்வது பாதி; அடுத்தவர் தன் வாயால் சொல்வதைக் கேட்பது மறுபாதி. இந்த மறுபாதி இல்லாத இடமாற்றக் கதை வெறும் வேடம்தான்.

தமிழ்ப் படத்துக்கு இந்த அளவுகோல் போதும். 1996இல் வந்த 'அவ்வை சண்முகி' வேடத்தால் சிரிக்க வைத்தது. மனத்தில் நின்றதோ, மகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தகப்பன் ஏற்றதால்தான். களம் தேடி அலைய வேண்டாம்; ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் நூலாலைச் சங்கின் நேரத்துக்கு வாழப் பழகிய ஊர் ராஜபாளையம். வடதிருநெல்வேலிச் சீமை என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் ராக்லண்ட் போன்ற சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) மிஷனரிகள் 1850களிலேயே கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார்கள். மார்கழி 9 அல்லது 10ஆம் நாள் கிறிஸ்துமஸ் வரும். அதிகாலையில் திருப்பாவை ஒலிக்கும் தெருவிலேயே கிறிஸ்தவர் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கும் தொங்கும். அப்படியொரு கிறிஸ்தவ வீட்டில் நூலாலைக்குப் போகும் அம்மாவும் கல்லூரிக்குப் போகும் மகனும் இடம் மாறட்டும். எட்டு மணி நேர ஷிப்டில், பஞ்சுத் தூசுக்கும் இரைச்சலுக்கும் நடுவே நீண்ட இயந்திரத்தின் ஓரமாக நடந்தபடி, அறுந்த நூலை ஒட்டுவது மகனுக்கு வராது. அம்மாவுக்கோ மகனின் தேர்வு அறையும் நண்பர் கூட்டமும் பிடிபடாது. இடம் மாற ஒரு நாயும் வேண்டுமென்றால், 2005இல் இந்திய அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற வெள்ளை ராஜபாளையம் நாய் இருக்கிறது.

சிரிப்புக்கு இதில் பஞ்சமே இருக்காது. ஆனால் பெண் உடலில் ஆண் நடக்கும் நடையைக் காட்டியே இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடக் கூடாது. அறுந்த நூலை மகன் எத்தனை முறை தவறவிட்டு எப்போது ஒட்டப் பழகுகிறான் என்பதைப் படம் பொறுமையாகக் காட்ட வேண்டும். தன் அலுப்பையும் ஆசையையும் அம்மா தன் வாயாலேயே சொல்லும் காட்சி வேண்டும். உடல்கள் பழையபடி மாறிய பிறகு அந்த வீட்டில் ஒரு வேலையாவது நிரந்தரமாகக் கைமாறியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படம் குடும்பத்துக்கே பயன்படும் படமாகவும் ஆகும்.