இரு நகரங்களுக்கு இடையே ஒரு தூதுவன்

டில்லி லக்ஷ்மிபாய் நகரில் டில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு. கோடை விடுமுறை நெருங்குங்கால், அங்கே பயிலும் குழந்தைகளின் பெற்றோர் மனத்தில் எழும் வினா ஒன்றே: ஊரிலிருந்து திரும்பி வர ரயிலில் இடம் கிடைக்குமா? போவது நம் விருப்பம். திரும்புவதோ பள்ளி திறக்கும் நாளின் கட்டளை அல்லவா?

ரயில் முன்பதிவுக்குக் கணிப்பொறி 1985-இல் டில்லியில் வந்தது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் நகரங்களும் அதனைப் பெற்றன. ஆயினும் அவை தனித்தனித் தீவுகளாகவே இயங்கின. சென்னை வண்டியின் இடக்கணக்கு சென்னைக் கணிப்பொறியிடம் இருந்தது. டில்லிக் கணிப்பொறி அதனுடன் உரையாட வழியில்லை. 'கிரிஸ்' என்னும் ரயில்வே தகவல் அமைப்பு மையம் உருவாக்கிய 'கன்ஸர்ட்' ஏற்பாட்டினால், 1999-இல் ஐந்தும் இணைந்தன.

ஐந்து மையங்களையும் நேருக்கு நேர் இணைத்தால் பத்து இணைப்புகள் வேண்டும்; மையங்கள் பத்தானால் நாற்பத்தைந்து வேண்டும். ஆகவே நடுவே ஒரு தூதுவனை அமர்த்தினர். இதனையே இடைநிலை மென்பொருள் என்கிறோம். கன்ஸர்ட்டில் இப்பணியைச் செய்தது 'ரிலையபிள் டிரான்ஸாக்ஷன் ரௌட்டர்' என்பது. டில்லிச் சாளரத்தில் நாம் தரும் விண்ணப்பம் ஒரு செய்தியாகும். தூதுவன் அதனை உரிய மையத்தில் சேர்ப்பிப்பான். அங்கே இடம் குறிக்கப்பட்டு விடை வரும். அதன் பின்னரே சீட்டு அச்சாகும்.

இடையில் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? பதிவுத் தபாலை நினைத்துப் பார்ப்போம். ஒப்புகை வரும்வரை செய்தியின் பிரதி பத்திரமாக இருக்கும். தொடர்பு மீண்டதும் அது மறுபடி செல்லும். முன்பே நிறைவேறிய செய்தியாயின், இரண்டாம் முறை இடம் ஒதுக்கப்படாது. வேலை முழுவதும் நிறைவேறும், அன்றேல் எதுவுமே நிறைவேறாது. பாதியில் நிற்பதற்கு இடமில்லை. 

2002 முதல் இணையத்திலும் சீட்டு வாங்குகிறோம். அங்கே வங்கியும் மற்றொரு தரப்பாகச் சேர்கிறது. பணம் கழிந்தும் சீட்டு வராவிடில் பதற வேண்டா. விடைச் செய்தி வழியில் தாமதித்திருக்கலாம். நம் கணக்கில் பதிவு ஆகியுள்ளதா என்று பார்த்த பின்னரே மறுமுறை முயல்வோம். அவசரத்தில் இரு சீட்டுகள் வாங்கி, ஒன்றை ரத்துச் செய்து பணம் இழக்கும் துன்பம் அதனால் நீங்கும்.