விதியைச் சொன்னால் வேகம் வரும்

வாக்காளர் பட்டியலில் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர்? கேட்ட மாத்திரத்தில் ‘ஒருவரும் இல்லை’ என்போம். 18 வயது நிரம்பாமல் பட்டியலில் பெயர் ஏறாது என்பது நமக்குத் தெரியும். அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால், ஒரு கோடிப் பெயர்கள் இருந்தாலும் ஒன்றுவிடாமல் வயதைச் சரிபார்த்துவிட்டு, கடைசியில் ‘பூஜ்ஜியம்’ என்று சொல்லக்கூடும். விடை சரிதான், பட்ட பாடுதான் வீண்.

இதைத் தவிர்க்கும் உத்திக்குப் ‘பொருள்சார் வினவல் உகப்பாக்கம்’ என்று பெயர். பெயர் மிரட்டினாலும் சங்கதி எளிது. தரவுகள் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்று தரவுத்தளத்திடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், தேடப் போகும் முன்பே அது கேள்வியை எடைபோட்டுப் பார்க்கும்.

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் முறையை 1970இல் முன்வைத்தார். என்ன வேண்டும் என்று கேட்பது பயனரின் வேலை. எப்படித் தேடுவது என்பது மென்பொருளின் பொறுப்பு. பல வழிகளின் செலவைக் கணக்கிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை, அதே நிறுவனத்தின் பட்ரீசியா செலிங்கர் குழு 1979இல் வெளியிட்டது. இன்றைய ‘ஆப்டிமைசர்’களுக்கு அதுவே முன்னோடி. ஆனால் தரவின் அர்த்தத்துக்குள் அது நுழையவில்லை.

அந்தக் கதவை 1980இல் மைக்கேல் ஹாமரும் ஸ்டான்லி ஸ்டானிக்கும் தட்டினார்கள். மறு ஆண்டே, ஸ்டான்ஃபோர்டில் ஜோனதன் கிங் ‘குவிஸ்ட்’ என்ற மென்பொருளை விவரித்தார். கப்பல்கள், சரக்குகள், துறைமுகங்கள் பற்றிய தரவுதான் அவருடைய சோதனைக்களம். ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் சுமக்கும் கப்பல்கள் எல்லாம் எண்ணெய்க் கப்பல்களே என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடைக்கு இன்டெக்ஸ், அதாவது விரைந்து தேட உதவும் சுட்டி, இல்லை; கப்பல் வகைக்கு உண்டு. ‘அந்த எடைக்கு மேற்பட்ட கப்பல்கள் எவை?’ என்ற கேள்வியோடு ‘வகை: எண்ணெய்க் கப்பல்’ என்ற நிபந்தனையையும் மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். நிபந்தனை கூடுகிறது, ஆனால் படிக்க வேண்டிய பதிவுகள் குறைகின்றன.

நிபந்தனையைக் கூட்டுவது ஒரு வித்தை என்றால், வேலையையே கழிப்பது இன்னொரு வித்தை. ஆர்டர் அட்டவணையையும் வாடிக்கையாளர் அட்டவணையையும் இணைத்து ஒரு கேள்வி வருகிறது. ஆனால் கேட்டதோ ஆர்டர் எண்ணும் தொகையும் மட்டுமே. ஒவ்வொரு ஆர்டரிலும் உள்ள வாடிக்கையாளர் எண், மற்ற அட்டவணையில் ஒரே ஒரு முறை கட்டாயம் இருக்கும் என்று, இரு அட்டவணைகளையும் பிணைக்கும் ‘ஃபாரின் கீ’ விதி உறுதி தருகிறது. அப்படியானால் அங்கே போய்ப் பார்ப்பதே தேவையில்லை. வாடிக்கையாளர் எண் காலியாக இருக்க இடமிருந்தால் மட்டும், அந்த வரிசைகளை விலக்கிவிட வேண்டும். இந்த இரண்டு வித்தைகளையும் டிபி2 தரவுத்தளத்தில் செய்துகாட்டிய கட்டுரை 1999இல் வந்தது.

வாக்காளர் கேள்விக்குத் தேடாமலே விடை வருவதைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ‘வயது 18 அல்லது அதற்கு மேல்’ என்ற செக் விதியை அட்டவணையில் எழுதி, ‘கன்ஸ்ட்ரெயின்ட் எக்ஸ்க்ளூஷன்’ அமைப்பை ‘ஆன்’ செய்து, 15க்குக் கீழே உள்ளவர்களைக் கேளுங்கள். தேடும் வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் திட்டத்தில் ‘ஒன்-டைம் ஃபில்டர்: ஃபால்ஸ்’, அதாவது எந்தப் பதிவும் பொருந்தாது, என்று வரும். அட்டவணையை அது தொடுவதே இல்லை. ஆனால் சாதாரண அட்டவணைகளுக்கு இந்தச் சோதனை தானாக நடக்காது. விதிகளைப் புரட்டிப் பார்க்கவும் நேரம் பிடிக்கும். சின்னக் கேள்விகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இன்றைய தரவில் தற்செயலாக உண்மையாக இருப்பது விதி ஆகாது. நாளை ஒரே ஒரு பதிவு மீறினாலும் விடை தப்பாகிவிடும். அதனால்தான் எஸ்கியூஎல் சர்வர், பழைய பதிவுகளைச் சரிபார்க்காமல் சேர்த்த விதியை ‘நம்பகமற்றது’ என்று குறித்துவைத்து, உகப்பாக்கத்தில் பயன்படுத்த மறுக்கிறது.

பதிவேற்றம் தாமதமாகும் என்று சொல்லி ஃபாரின் கீயையும் செக் விதிகளையும் நீக்கிவிடும் பழக்கம் மென்பொருள் குழுக்களில் இருக்கிறது. எழுதும்போது மிச்சமாகும் அந்தச் சிறு நேரத்துக்குப் படிக்கும்போது வட்டியோடு விலை கொடுக்க நேரலாம். நிரலர் மனத்தில் மட்டும் இருக்கும் விதியால் தரவுத்தளத்துக்குப் பயனில்லை; அதை அட்டவணையில் எழுதிவையுங்கள்.